கதவை நோக்கி நடப்பவர்கள்

காகிதம் உரிக்கிற நாளில் சில்லுவுக்கு வாய் கொஞ்சம் நீளும். அன்றும் அப்படித்தான். சாரத்தின் நடுப்பலகையில் ஏறி நின்று ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்தபடி, வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்த பெயின்டர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்ன, முடிஞ்சுதா உங்க சொட்டு வேலை? இல்ல, என் சுவத்துக்கும் ஒரு கோட் அடிச்சுட்டுத்தான் கிளம்புவீங்களா?"

"அடிச்சா நல்லாத்தான் இருக்கும். இப்ப பாக்க பார்சல் மாதிரி இருக்கு" என்றான் ஒரு பெயின்டர்.

சுவர் உண்மையில் பார்சல் மாதிரிதான் இருந்தது. புதிதாகக் கட்டிய அரசு அலுவலகத்தின் கீழ்த்தளக் கூடம் அது. வாசலில் தொடங்கி கவுன்ட்டர்கள் வரை ஓடும் நீளச் சுவர் முழுக்கப் பழுப்புக் காகிதம். அதற்குப் பின்னால் நகக்கண் அளவு வெட்டிய வண்ணக் கண்ணாடித் துண்டுகள், ஒரு சித்திரமாக. விண்ணப்பங்களைக் கையில் பிடித்த ஒரு கூட்டம் வாசலிலிருந்து கவுன்ட்டரை நோக்கி நடந்து போகிற சித்திரம்.

அந்த வேலையின் முறை கொஞ்சம் கோணல்மாணலானது. பட்டறையில் காகிதத்தின் மேல் படத்தை இடம் வலம் மாற்றி வரைவார்கள். கண்ணாடித் துண்டுகளை முகம் கவிழ்த்து அதன் மேல் பசையால் ஒட்டுவார்கள். பிறகு தாள் தாளாகக் கொண்டுவந்து சுவரில் பூசிய சிமென்ட்டில் அழுத்துவார்கள். இப்போது காகிதம் வெளியே, கண்ணாடி உள்ளே. சிமென்ட் இறுகியதும் காகிதத்தை நனைத்து உரித்தால் கண்ணாடியின் முகம் தெரியும். மாற்றி வரைந்தது சுவரில் நேராகிவிடும். அதுவரை தான் ஒட்டியதை ஒட்டியவளே பார்க்க முடியாது.

சில்லுவின் அண்ணன், இதே தொழில்காரன், ஒவ்வொரு வரிசையையும் மறுநாளே உரித்துவிடுவான். சில்லு அப்படிச் செய்யவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை பாக்கி இருந்தது. சொட்டுகிற பெயின்ட் கண்ணாடியில் விழாமல் இருக்கக் காகிதமே போர்வையாக இருக்கட்டும் என்று கடைசிவரை விட்டுவைத்தாள். அது அவளுடைய சொந்த யோசனை. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

சில்லு என்பது பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அண்ணன் பட்டறையின் மேசையில் கண்ணாடி வெட்டியவள். குறடு பட்டுத் தெறித்த சில்லு ஒன்று புருவத்தில் ஏறிய வடு இன்னும் இருக்கிறது. அண்ணன் பெயரில் ஊரில் நிற்கும் சுவர்களில் பாதி அவள் கைவேலை. அவன் கூலியில் குறை வைத்ததில்லை. ஆனால் வெட்டுவது நான், ஒட்டுவது நான், பேர் மட்டும் அவனுக்கா என்று ஒருநாள் மத்தியான வேளையில் குறடைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இந்த அலுவலகச் சுவர்களுக்கு அண்ணனும் டெண்டர் போட்டான், அவளும் போட்டாள். அவளுக்குக் கிடைத்தது.

"ஒரு சுவர் ஒட்டிப் பாரு" என்றான் அண்ணன். கோபமில்லாமல்தான் சொன்னான். "மேசையில உன் இடம் காலியாத்தான் இருக்கும்."

அந்தக் காலி இடம்தான் அவளை அரித்தது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள்.

இந்த முதல் சுவர் அங்கீகாரம் பெற்றால் மேல்மாடிச் சுவர்கள் இரண்டும் அவளுக்கு. நிராகரித்தால் மொத்த வேலையும் டெண்டரில் அடுத்து நின்றவனுக்குப் போகும். அடுத்து நின்றவன் அண்ணன். அவள் திரும்பிப் போய் அந்தக் காலி இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

"அண்ணி, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்றாள் நாத்தனார். சில்லுவின் கணவனுக்குத் தங்கை. அவன் லாரி ஓட்டுகிறவன், கண்ணாடியைத் தொட்டாலே கை அரிக்கிறது என்பான். தங்கைக்கு அப்படியெல்லாம் இல்லை. சிமென்ட் குழைப்பதிலும் வாய் பேசுவதிலும் கெட்டிக்காரி.

"கால்லேருந்து ஆரம்பி. மூஞ்சிய நான் பாத்துக்கறேன்."

நாத்தனார் கீழ்வரிசையை நனைத்தாள். காகிதம் ஊறிக் கறுத்தது. ஓரத்தில் நகத்தை விட்டுத் தூக்கி, தோசைக்கல்லில் ஒட்டியதை எடுப்பதுபோல மெதுவாக உரித்தாள். ஒரு செருப்பு தெரிந்தது. பிறகு ஒரு ஷூ. அதன் பளபளப்புக்காகச் சில்லு மூன்று விதக் கறுப்பைத் தேடி அலைந்திருந்தாள். அடுத்த தாள், அடுத்த தாள் என்று கால்கள் வரிசையாக வெளியே வந்தன. நாத்தனார் நான்கு எட்டுப் பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி."

"என்ன?"

"கொஞ்சம் இறங்கி வாங்க."

"உரிடி முதல்ல. இறங்கி ஏற எனக்கு என்ன வேண்டுதலா?"

"இல்ல, இவங்க எல்லாரும் எங்கேயோ கிளம்பிட்டாங்க அண்ணி."

சில்லு இறங்கினாள். பார்த்தாள். கால்கள் எல்லாம் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தன. கவுன்ட்டரை நோக்கிப் போக வேண்டிய கூட்டம், கவுன்ட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சில்லு ஸ்பாஞ்சை எடுத்துச் சாரத்தின் உச்சிக்கு ஏறினாள். மேலே, கூட்டத்தின் தலைக்கு மேல், ஒரு சுவர்க்கடிகாரம் இருக்க வேண்டும். எண்கள் இல்லாத வெள்ளை வட்டம், இரண்டு கறுப்பு முள். அலுவலகம் திறக்கும் நேரமாக இருக்கட்டும் என்று வரைபடத்தில் பத்து மணி காட்டியிருந்தார்கள். அந்தத் தாளை நனைத்து உரித்தாள். சின்ன முள் இடப்பக்கம் இருக்க வேண்டியது, வலப்பக்கம் இருந்தது. மணி இரண்டு.

முதலில் பயம் வந்தது. அது கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு அவளால் வேலை செய்ய முடியும், பயத்தோடுதான் முடியாது.

ஃபோனை எடுத்துப் பிரின்ட் கடைக்காரரை அழைத்தாள். பட்டறைப் படங்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி அச்சடித்துத் தருகிறவர் அவர்தான், அண்ணன் காலத்திலிருந்து.

"அண்ணே, நான் கொடுத்த படத்தை அப்படியே அடிச்சீங்களா, திருப்பி அடிச்சீங்களா?"

"திருப்பித்தாம்மா அடிச்சேன்."

"யார் சொன்னா?"

"இதெல்லாம் சொல்லணுமா? உங்க அண்ணன் வருஷக்கணக்கா ஒரே பாட்டுதான், 'திருப்பி அடி, திருப்பி அடி'ன்னு. உங்க வீட்டுப் படம்னாலே என் கை தானா திருப்பிடும். ஏம்மா, நல்லா வந்திருக்கா?"

"பிரமாதமா வந்திருக்கு" என்று ஃபோனை வைத்தாள்.

விஷயம் இவ்வளவுதான். அண்ணன் படத்தைக் கடையிலேயே திருப்பி வாங்குவான். அது சில்லுவுக்குத் தெரியாது, கடைக்குப் போகிறவன் எப்போதும் அவன்தான். அவளுக்கோ அடுத்தவன் செய்கிற எதிலும் நம்பிக்கை கிடையாது. தன் பட்டறையில் அச்சுப் படத்தை அடியில் விளக்கு வைத்த கண்ணாடி மேசையில் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து தானே நகல் எடுத்தாள். கடைக்காரர் ஒரு தடவை திருப்ப, இவள் ஒரு தடவை திருப்ப, படம் பழையபடி நேராகி, சுவரில் ஏறும்போது இடம் வலம் மாறிப் போய்விட்டது.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள் நாத்தனார். "காயிதத்துல எல்லாரும் வலது பக்கமா நடக்கறாங்களே, மாறித்தானே நடக்கணும்னு."

"அப்பவே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"சொன்னா கடிச்சு வைப்பீங்க. 'எனக்கே பாடம் எடுக்கறியா'ன்னு. போன மாசம் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு ரெண்டு நாள் பேசாம இருந்தீங்களே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. பச்சை தூக்கலாக இல்லை என்றுதான் அவள் இன்னும் நினைக்கிறாள்.

தகவல் தெரிந்து இன்ஜினியர் ஓடிவந்தார். கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கிறவர், நல்ல மனிதர், எதற்கெடுத்தாலும் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். பாதி உரித்த சுவரைப் பார்த்தார். கையிலிருந்த அங்கீகரித்த வரைபடத்தைப் பார்த்தார். வரைபடத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது சுவரும் படமும் அச்சாகப் பொருந்தின.

"என்னம்மா இது? மொத்தமும் உல்டாவா இருக்கு!"

"ஆமா சார்."

"ஆமாவா? வாசல் பக்கம் கருநீலம், கவுன்ட்டர் பக்கம் தங்க நிறம்னு இருந்துச்சு. இருட்டுலேருந்து வெளிச்சத்துக்கு வர்ற மாதிரி. இப்ப கவுன்ட்டர் பக்கம் இருட்டிக்கிடக்கு! நாளைக்கு இயக்குநர் மேடம் பாக்க வர்றாங்க. மேடம் இதை எப்படி எடுத்துக்குவாங்க?"

"கவுன்ட்டர்ல லைட்டு போடுங்க சார்" என்றாள் நாத்தனார்.

இன்ஜினியர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு சில்லுவிடம் திரும்பினார். "பெயர்த்துட்டு மாத்தி ஒட்ட முடியுமா?"

"முடியாது. இழுத்தா கண்ணாடி தூளாத்தான் வரும். புதுசாத்தான் செய்யணும்."

"உங்க அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன். தப்பா நினைக்காதீங்க, எனக்கு மேலே இருக்கறவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"தாராளமா கேளுங்க. ஆனா நான் சொன்னதைத்தான் அவனும் சொல்லுவான். கொஞ்சம் சத்தமா சொல்லுவான்."

இன்ஜினியர் போன பிறகு நாத்தனார் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப என்ன அண்ணி பண்றது? மூட்டை கட்டலாமா?"

சில்லு கூடத்தின் மறுபக்கம் போனாள். மக்கள் காத்திருப்பதற்காகச் சுவரைப் பார்த்தபடி இரும்பு பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். கால்களும் கடிகாரமும்தான் தெரிந்தன, நடுவில் காகிதம். கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் அங்கேயே இருந்தாள். நாத்தனாருக்குப் பயம் வந்து, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசிக்கிற நேரத்தில் எழுந்து வந்தாள்.

"எல்லாத்தையும் உரி. இன்னைக்கே இடுக்கெல்லாம் கிரவுட் பூசி, காலையில துடைச்சு, மெருகேத்திடணும்."

"நாளைக்கு இடிக்கப்போற சுவத்துக்கு எதுக்கு மெருகு?"

"யார் இடிக்கறா? பாதி உரிச்சுவச்சா பாக்கறவன் கண்ணுக்குத் தப்பு மட்டும்தான் தெரியும். முழுசாக் காட்டணும். இடிக்கறவன் அதைப் பாத்துட்டு இடிக்கட்டும்."

இருட்டும்வரை உரித்தார்கள். முகங்கள் வந்தன. காதோரம் பென்சில் செருகிய தச்சன், குடையை அக்குளில் இடுக்கிய கிழவர், குழந்தையைத் தோளில் போட்ட பெண், டைப்பிஸ்ட் போல் விரல்கள் நீண்ட ஒருத்தி. எல்லோர் கையிலும் வெள்ளைக் கண்ணாடியில் ஒரு காகிதம். கண்ணாடிகளுக்கு இடையே உள்ள கோடுகளை அடைக்கும் சாம்பல் நிறக் கலவையான கிரவுட்டை அழுத்தித் தேய்த்தார்கள். காலையில் வந்து, மேலே படிந்த கிரவுட்டை ஈரத்துணியால் வழித்து எடுத்து, உலர்ந்த துணியால் மெருகேற்றினார்கள். வாசல் வழியாக வெயில் உள்ளே சாய்ந்தபோது, கதவுப் பக்கம் குவிந்திருந்த பொன்னிறக் கண்ணாடி பற்றிக்கொண்டு எரிவதுபோல ஜொலித்தது. வரைபடத்தில் அந்தப் பொன்னிறம் கவுன்ட்டரின் மூலையில் இருந்தது. அங்கே ஒருநாளும் வெயில் வராது. இதை யாரும் யோசித்திருக்கவில்லை, சில்லு உட்பட.

அண்ணன்தான் முதலில் வந்தான். பருத்த உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சிலும் மூக்குக்கண்ணாடியும். வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"திருப்பிட்டானா அந்த ஆளு? திருப்பியிருப்பான்! அவனைப் பழக்கினதே நான்தான்."

"பழக்கினே, சரி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ என்னைக்கு என்னைக் கேட்டே? கடைக்கு வர்றியான்னா, 'எனக்கு வேலை கிடக்கு'ன்னு குனிஞ்ச தலை நிமிர மாட்டே." பக்கத்தில் வந்தான். படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சுவரைத் தடவினான். ஒரு கோடி முதல் மறுகோடி வரை தோளுயரத்தில் ஒரே இழுப்பாகத் தடவிக்கொண்டு போனான். கை எங்கும் தட்டவில்லை. கண்ணைத் திறந்தான்.

"சாரத்துல நின்னு ஒட்டினது நீயா?"

"வேற யாரு நிப்பா?"

"ம்" என்றான். அண்ணனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்த "ம்"மையே மேசையில் இருந்த காலத்தில் அவள் எண்ணி ஐந்து விரலுக்குள் கேட்டிருப்பாள்.

"இடிச்சுட்டு ஒட்டச் சொன்னா செய்வியா?" என்று கேட்டாள்.

"சொன்னா செய்வேன். வேலைன்னு வந்தா தங்கச்சி சுவரு, தம்பி சுவருன்னு பாத்துட்டிருக்க முடியுமா?"

"பாக்க வேணாம். தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

இயக்குநர் அம்மாள் வந்தபோது கூடவே நாலைந்து பேர் வந்தார்கள். ஒடிசலான உருவம், வேகமான நடை, பேச்சில் ஒரு சொல் அதிகமாக இருக்காது. இந்த அலுவலகம் முழுக்க அவர் பொறுப்பில்தான். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். சுவருக்கு முன்னால் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்ஜினியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இவங்க ஏன் வெளிய போறாங்க?" என்றார் இயக்குநர்.

இன்ஜினியர் ஏதோ கலைநோக்கு, இயக்கம் என்று தொடங்கினார். சில்லு குறுக்கே புகுந்தாள்.

"தப்பா ஒட்டிட்டேன் மேடம். படம் ரெண்டு தடவை திரும்பிடுச்சு. அதனால இடம் வலமாப் போச்சு."

"தெரிஞ்சே ஒட்டினீங்களா?"

"நேத்து உரிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

இயக்குநர் தலையசைத்தார். "அப்ப அங்கீகரிச்ச படம் இது இல்ல. பெயர்த்துட்டு மறுபடி ஒட்ட வேண்டியதுதான். இவர்தான் அடுத்த ஆளா?" அண்ணனைக் காட்டிக் கேட்டார்.

"ஆமாங்க" என்றான் அண்ணன்.

"நீங்க சொல்லுங்க. இது தப்பா?"

"தப்புதாங்க." அண்ணன் கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா ஒட்டு சுத்தமா இருக்கு. இப்படி ஒரு ஒட்டை என் கையால இடிக்கணும்னா எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். சொன்னா இடிப்பேன்."

இன்ஜினியர் தாளில் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். நாத்தனார் கூரையைப் பார்த்தாள்.

"மேடம்" என்றாள் சில்லு. "இடிக்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உட்காந்து பாருங்க."

"எங்க?"

"பெஞ்சுல. கடைசி வரிசையில. நின்னு பாக்கறதுக்காக இந்தச் சுவரை யாரும் கட்டல. இங்க வர்றவங்க உட்காந்துதான் பாப்பாங்க. வேற வேலையும் அவங்களுக்கு இருக்காது."

கூட வந்தவர்களில் ஒருவர் "நேரமாகுது" என்று முணுமுணுத்தார். இயக்குநர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே நடந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. சில்லு பக்கத்தில் போய் நின்றாள்.

"இப்ப உங்க கையில ஒரு டோக்கன் இருக்கு. உங்க நம்பர் வர இன்னும் நேரம் கிடக்கு. அங்கீகரிச்ச படத்துல என்ன இருக்கு? உங்களுக்கு முன்னாடி இவ்வளவு கூட்டமும் கவுன்ட்டருக்குப் போய்க்கிட்டிருக்கு. நிஜ வரிசை பத்தாதுன்னு சுவத்துல வேற ஒரு வரிசை. அது என்னைக்கும் நகராது. தினம் அதே கூட்டம், அதே பத்து மணி."

இயக்குநரின் கண் சித்திரத்தின் கடிகாரத்துக்குப் போனது.

"இப்ப பாருங்க. மணி ரெண்டு. எல்லாரும் வேலை முடிஞ்சு கையில காகிதத்தோட வெளிய போறாங்க. உங்களுக்கு முன்னாடி இருந்த வரிசை குறைஞ்சுக்கிட்டே வருது. வெளிச்சமும் வாசல் பக்கம்தான் இருக்கு, நிஜமாவே அங்கதான் வெயில் வருது. உட்காந்திருக்கறவனுக்கு எது மேடம் வேணும்?"

வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கிற சத்தம்.

"நான் இந்தப் படத்தை என் அறையில வச்சுப் பாத்தேன்" என்றார் இயக்குநர், கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல். "கவுன்ட்டருக்கு உள்ள இருக்கறவங்க பக்கத்துலேருந்து. ஜனங்க நம்மளைத் தேடி வர்றது பாக்க நல்லா இருக்கும்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நீங்க ஒரு பெரிய பொய்யை ஒட்டி வச்சிருக்கீங்க. ரெண்டு மணிக்கே வேலை முடிஞ்சு இத்தனை பேர் போற ஆபீஸை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

"அப்ப நிஜமாக்கிடுங்க மேடம்" என்றாள் சில்லு.

நாத்தனார் மூச்சை உள்ளே இழுத்தது எல்லோருக்கும் கேட்டது. இன்ஜினியரின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்கிறான் என்று அவன் தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது.

இயக்குநர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். பிறகு எழுந்து, உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, கூட வந்தவர்களைப் பார்த்தார். "இதை என் தலையில கட்டறாங்க பாத்தீங்களா?" என்றார். இன்ஜினியரிடம், "புதுப் படம் ஒண்ணு வரைஞ்சு அனுப்புங்க. சுவத்துல இருக்கற மாதிரியே. கையெழுத்துப் போடறேன்" என்றார்.

"மேல்மாடி மேடம்?" என்றாள் சில்லு.

"அதுக்கென்ன?"

"அது எனக்குத்தானே?"

"முதல் சுவர் சரியா இருந்தா உங்களுக்குன்னுதானே பேச்சு. சரியா இல்ல. ஆனா இருக்கட்டும்." வாசல்வரை போனவர் நின்றார். "அங்கயாவது நான் கையெழுத்துப் போட்டதை ஒட்டுங்க."

"ஒட்டறேன் மேடம். நல்லதாப் பாத்துப் போடுங்க."

அவர்கள் போன பிறகு நாத்தனார் சாரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, உங்க வாய்க்கு ஒருநாள் ஜெயிலுக்குத்தான் போகப்போறீங்க. சொல்லிட்டேன்."

அண்ணன் கிளம்பவில்லை. சுவரை இன்னொரு முறை ஓரத்திலிருந்து ஓரம் நடந்து பார்த்தான். தங்கையின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "பாக்கெட்டு" என்றான்.

"தெரியும்" என்றாள் சில்லு.

"ஆம்பளைங்க சட்டை எல்லாத்துக்கும் பாக்கெட்டு வலது பக்கம்."

"தெரியும்னு சொன்னேன்ல."

"எப்பப் பாத்தே?"

"நேத்தே. கடிகாரத்துக்கு அப்புறம் அதைத்தான் தேடினேன்."

அண்ணன் தன் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். "மத்தவங்களுக்குத் தெரியாது. விட்டுடு."

"உனக்குத் தெரிஞ்சுதே."

"நான் சொல்லப் போறதில்ல."

"நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதுக்காக இல்ல. இந்த வழியா போறப்பல்லாம் உன் கண்ணு நேரா பாக்கெட்டுக்குத்தான் போகும். எனக்கு அது ஆகாது."

அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனான். வாசலில் நின்று, "மேசையில உன் இடத்துல புதுசா ஒரு பொண்ணை உக்கார வைக்கப் போறேன். நல்லா வெட்டறா" என்றான். அவன் கொடுக்கக்கூடிய பாராட்டு அவ்வளவுதான். சில்லு அதைப் பெற்றுக்கொண்டாள்.

"வெட்டட்டும். மறக்காம அவளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

பாக்கெட்டுகளை மாற்றுவது முள் எடுக்கிற வேலை. வலப்பக்கத்துப் பாக்கெட்டைக் கூர் உளியால் துண்டு துண்டாகக் கிள்ளி எடுத்து, அந்தக் குழியில் சட்டையின் நிறத்தை ஒட்ட வேண்டும். இடப்பக்கத்தில் சட்டையைக் கிள்ளிவிட்டுப் பாக்கெட்டை ஒட்ட வேண்டும். காகிதம் இல்லை, கவிழ்ப்பதில்லை. ஒவ்வொரு துண்டையும் முகம் பார்த்து நேரடியாகச் சுவரில் வைக்கிற வேலை. சில்லுவுக்கு இது புதிது. வைத்த உடனே தெரிகிறது. தப்பென்றால் சிமென்ட் இறுகுவதற்குள் எடுத்துவிடலாம். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மேல்மாடியில் ஒரு சுவரையாவது இப்படிச் செய்து பார்க்க வேண்டும்.

அலுவலகம் திறந்த அன்றும் ஒரு பாக்கெட் பாக்கி இருந்தது, தச்சனுடையது. சாரத்தைப் பிரித்துவிட்டார்கள் என்பதால் ஏணி போட்டுக்கொண்டு ஒட்டினாள். நாத்தனார் ஏணியைப் பிடித்தபடி, வருகிற ஜனங்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. கவுன்ட்டருக்கு மேலே சிவப்பு எண்கள் மாறுவதும் நிற்பதுமாக இருந்தன.

கடைசி வரிசையிலிருந்து ஒரு நடுத்தர வயது மனிதர் எழுந்து வந்தார். கையில் விண்ணப்பமும் டோக்கனும். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஒவ்வொருவர் கையிலும் இருந்த வெள்ளைக் காகிதத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு ஏணியின் மேலே அண்ணாந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். இவங்கள்லாம் எந்தக் கவுன்ட்டர்ல வாங்கிட்டுப் போறாங்க?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். சில்லு கையிலிருந்த கடைசித் துண்டைச் சிமென்ட்டில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மற்றவற்றோடு மட்டமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இருந்தது.

"அது தெரியாதுண்ணே" என்றாள். "நான் வெளிய போறவங்களைத்தான் ஒட்டினேன்."

"பரவால்ல" என்றார் அவர். டோக்கனைப் பார்த்தார், கவுன்ட்டரின் சிவப்பு எண்ணைப் பார்த்தார். "போறாங்கல்ல. அது போதும்."

திரும்பிப் போய் உட்கார்ந்து, சித்திரத்தின் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கத் தொடங்கினார்.